ஆடியில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள்

கெர்பாவ் ரோடு,
சிங்கப்பூர்.
27-7-1967, வியாழக்கிழமை

அன்பு மகன் தனசேகரனுக்கு அப்பா அழகப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி மிரியில் இருக்கும் உனக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் காளியம்மனைக் கேட்டுக்கொள்கிறோம். உறையைப் பிரித்ததும் இது யார் கையெழுத்து என்று பார்த்திருப்பாய். என் கையெழுத்துதான். நம்பாவிட்டால் இன்னொரு முறை பார். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மேசை போட்டிருக்கும் மாணிக்கம் எழுதியவை, நான் பக்கத்தில் நின்று சொன்னவை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவார், அதில் நான் சொல்லாத ஒரு வரி எப்போதும் இருக்கும், உன் அம்மா உன் நினைவாகவே உருகுகிறாள் என்று. கேட்டால், "அண்ணே, அது எல்லாருக்கும் போடறதுதான், அதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல" என்பார். பொய் இல்லையே என்று நானும் விட்டுவிடுவேன். போன வருஷம் தீபாவளி முடிந்ததும் சிராங்கூன் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள், நானும் போய்ச் சேர்ந்தேன், உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அறுபத்தோரு வயதில் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தேன். இப்போது சிராங்கூன் ரோட்டில் நடந்தால் நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, தமிழில் இருக்கும் பலகை ஒன்றையும் விடுவதில்லை. வாய்விட்டுப் படிக்கிறேனாம், உன் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போதும், ஊரே பாக்குது, நேத்துப் படிச்ச போர்டுதானே அது" என்கிறாள். நேற்று இருந்த பலகை இன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மாலை பிடிக்கும், ஆகவே இந்தக் கடிதம் இன்றைக்கு முடியாது, எந்த நாளில் எவ்வளவு எழுதுகிறேனோ அங்கங்கே தேதி போடுகிறேன்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்தோங்கில் உன் அக்கா தங்கம் நலம், அவள் பிள்ளை சுவரைப் பிடித்து நிற்கிறான், போன வெள்ளிக்கிழமை செண்பக விநாயகர் கோயிலில் என் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி. இதெல்லாம் மாணிக்கமே எழுதியிருப்பார். இனி நான் எழுதப்போவது மாணிக்கத்திடம் சொல்லி எழுத வைக்க முடியாதது, ஐந்தடிப் பாதையில் நின்று உரக்கச் சொல்லக் கூடியதல்ல. எனக்கு எழுத்து தெரியாமல் இருந்திருந்தால் இதைச் சொல்லாமலே விட்டிருப்பேன். கோபப்படாமல் கடைசி வரை படி, பிறகு கோபப்படு.

நீ ஜூரோங்கில் இருக்கும் மின்விசிறிக் கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதினாய் அல்லவா, உள்ளூர் விலாசம் இருந்தால்தான் கவனிப்பார்கள் என்று நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய். அவர்கள் பதில் போன திங்கட்கிழமை வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள். அன்று மாலை வகுப்புக்கு எடுத்துப் போய் நூருன்னிசா டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார், "ஐயா, உங்க மகனை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க! ஆகஸ்ட் பதினாலு, திங்கட்கிழமை, காலை பத்து மணி. கப்பல்ல வரணும்லா, நாள் கம்மி, நாளைக்கே ஏர்மெயில்ல அனுப்பிடுங்க" என்றார். வகுப்பில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன், இப்போது அதையும் நானே படிக்கிறேன், பதினாலாம் தேதி ஆடி இருபத்தொன்பது. ஆடி போதாதென்று அன்று நவமி. கம்பெனித் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மறுநாள் டீச்சர், "அனுப்பிட்டீங்களா ஐயா" என்று கேட்டபோது அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இந்த வயதில் டீச்சரிடம் பொய் சொன்னது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

புதன்கிழமை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஜூரோங் போனேன். இரண்டு பஸ் மாறிப் பூன் லே பக்கம் போகும் வழியில் இறங்கினால் ரோடெல்லாம் சிவப்பு மண், இந்தப் பக்கம் ஒரு பேக்டரி, அந்தப் பக்கம் ஒரு பேக்டரி, நடுவில் இன்னும் காடு. நாற்பது வருஷம் இந்த ஊர் ரோட்டுக்குத் தார் ஊற்றியவன் நான், அந்த ரோட்டைப் பார்த்ததும் அடித்தளம் சரியில்லை என்று தெரிந்தது, அது இருக்கட்டும். கம்பெனியில் ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், விஸ்வலிங்கம் என்று பெயர், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. உங்கள் கடிதம் வந்தது, இண்டர்வியூ நாளை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "இண்டர்வியூ மகனுக்கோ உங்களுக்கோ?" என்று கேட்டார். மகனுக்குத்தான் என்றேன். "மகன் எங்க?" மிரியில் என்றேன். "அவர் சொல்லித்தான் வந்தனீங்களோ?" இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஆடி மாதம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், கெட்ட சிரிப்பு இல்லை, "ஐயா, நாங்கள் ஆடிப் பிறப்பெண்டு கூழ் காய்ச்சிக் குடிக்கிற ஆக்கள். இவையளுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது, ஓகஸ்ட்தான் தெரியும். எழும்பி வீட்டை போங்கோ, கடிதத்தை மகனுக்கு அனுப்புங்கோ" என்றார். நான் போகவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெகு நேரம் கழித்து அவர் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து, "வாயால சொன்னால் காத்தோட போயிடும். மேனேசரிட்டக் காட்ட எழுத்தில ஒரு காரணம் வேணும். ஆரிட்டயாவது சொல்லி எழுதிவிச்சுக் கொண்டு வாங்கோ" என்றார். நானே எழுதுவேன் என்று சொன்னேன். தனசேகரா, அதைச் சொன்னபோது எவ்வளவு பயத்திலும் என் நெஞ்சு நிமிர்ந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. எழுதியது நாலு வரி, அரை மணி நேரம். என் மூத்த மகன் ஆடி மாதம் வேலையில் சேர்ந்து ஒன்பதாம் நாள் இறந்தான். இளைய மகனை ஆடியில் அனுப்ப எனக்குப் பயம். நாளை மாற்றக் கேட்பது நான், அவனுக்குத் தெரியாது. அவன் நல்ல வேலைக்காரன். இவ்வளவுதான். கிராணி அதைப் படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

28, வெள்ளிக்கிழமை. நேற்று கை வலித்துவிட்டது. ஆடி வெள்ளி, அம்மா கோயிலில் இருக்கிறாள், வருவதற்குள் இந்தப் பகுதியை எழுதிவிட வேண்டும். உன் அண்ணன் பரமசிவத்தைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் சேர்ந்தான், கயிறு அறுந்து மூட்டை விழுந்தது. அம்மா தடுத்தும் கேட்காமல் அவனே போனான் என்று ஊரில் சொன்னார்கள், உனக்குப் பதினைந்து வயது, நீயும் அப்படித்தான் நம்பினாய், நானும் திருத்தவில்லை. அப்படி இல்லை. துறைமுகத்துக்கு ஆள் சேர்க்கும் மண்டோர் ஞாயிற்றுக்கிழமை வந்து நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். அது ஆடி ஐந்து. உன் அம்மா, "நாலு வாரம் கழிச்சு வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க, ஆடி முடிஞ்சிரட்டும்" என்றாள். நான், "நாள் கேக்கறதுக்கு நாம யாரு? துரை கூப்பிட்டா போறது, கூப்பிடாட்டி நிக்கறது" என்று அவளைச் சத்தம் போட்டேன். பரமசிவம் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் மனமில்லை, ஆடிக்காக இல்லை, கூட்டாளிகளோடு பினாங்கு போக எண்ணியிருந்தான், அந்த வாரம் மட்டும் தள்ளிப் போட்டால் போதும் என்றிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காலையில் போனான். ஆடி கொன்றதா கயிறு கொன்றதா, எனக்குத் தெரியாது. வகுப்பில் சேர்ந்தபின் பலதும் படிக்கிறேன், மாதத்தில் ஒன்றும் இல்லை என்றுகூட ஒரு பத்திரிகையில் படித்தேன். இருந்தாலும் அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடியாது என்று மண்டோர் சொல்லியிருப்பார், அல்லது சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். அந்தக் கேட்காத வார்த்தையை ஒன்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன், அதைக் கேட்கத்தான் ஜூரோங் போனேன்.

மேனேஜர் அவரே வெளியே வந்தார். சீனர், உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார், கையில் என் தாள். படிக்கத் தெரியாத எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கிராணி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். என்னோடு மலாயில் பேசினார், நமக்குத்தான் சந்தை மலாய் வருமே. உங்கள் கெட்ட மாதம் எப்போது முடியும் என்று கேட்டார். ஆகஸ்ட் பதினாறு என்றேன். அவர் விரலை விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார், எங்கள் ஏழாம் மாதம் ஆகஸ்ட் ஆறாம் தேதி பிறக்கிறது, பேய்கள் எல்லாம் வெளியே வரும் மாதம், அது முடிய செப்டம்பர் ஆகும், என் அம்மா அந்த மாதம் என்னைப் புது வீட்டுக்குக்கூடப் போக விடமாட்டார், உங்கள் மாதமும் பார்த்து எங்கள் மாதமும் பார்த்தால் நான் மின்விசிறி செய்வது எப்போது என்றார். கிராணியும் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. தேக்காவில் இத்தனை வருஷம் சீனர் ரோட்டோரம் சோறும் ஊதுபத்தியும் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், நாம் ஆவணி பிறந்தது என்று கல்யாணப் புடவை எடுக்கும் நாளில் பக்கத்து வீட்டில் அவர்கள் பேய்க்குப் பயந்து கதவைச் சாத்துகிறார்கள் என்பது அன்றுதான் புத்தியில் பட்டது. பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் மூத்த மகன் அன்றைக்கு வேறு நாள் கேட்டானா என்று கேட்டார். அவன் கேட்கவில்லை, நான் கேட்க விடவில்லை என்றேன். இதை நான் வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவோடுகூட வாய்விட்டுப் பேசியதில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், நம் பாஷை அல்லாத பாஷையில் அது வந்துவிட்டது. அவர் என் தாளை மடித்தார். பிறகு சொன்னார், அப்பாவுக்கு நான் நாள் கொடுக்க முடியாது, வேலைக்கு வருகிறவனுக்குத்தான் கொடுக்க முடியும். பதினாலாம் தேதி அவன் பெயர் இருக்கும். இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணியும் அவனுக்காக வைக்கிறேன். எது என்று அவனே ஏழாம் தேதிக்குள் தந்தி கொடுக்கட்டும். தந்தி வராவிட்டால் இரண்டையும் அடித்துவிடுவேன். இன்னொன்றும் சொன்னார், அதை நான் மறைக்கக் கூடாது. இடம் இரண்டு. பதினாலாம் தேதி மூன்று பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் கெட்டிக்காரராக இருந்துவிட்டால் இருபத்து மூன்றாம் தேதி பேச ஒன்றும் இருக்காது. வாசல் வரை கூட வந்த கிராணி, "ஐயா, இருவது வருசமா கிராணி வேலை பாக்கிறன். நாள் மாத்தக் கேட்டு ஒரு தகப்பன் வந்ததை இண்டைக்குத்தான் பாக்கிறன். மகனை எழுதச் சொல்லுங்கோ, நீங்கள் இனி வரவேண்டாம்" என்றார். கடைசியில் ஒரு சிரிப்பும் வைத்தார்.

29, சனிக்கிழமை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் நினைத்ததையும் எழுத வேண்டும். உனக்கு இருபத்து மூன்றாம் தேதியை மட்டும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதினாலாம் தேதி ஒன்று இருந்ததே உனக்குத் தெரியவராது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆடி வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னவள் அவள், சந்தோஷப்படுவாள், நல்ல காரியம் செய்தீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சேகரைக் கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "பெரியவனை அனுப்பும்போதும் அவனைக் கேக்கல. சின்னவனை நிறுத்தும்போதும் இவனைக் கேக்கல. மாசத்தைப் பாக்குறீங்க, மண்டோரைப் பாக்குறீங்க, பிள்ளை முகத்தை எப்பங்க பாப்பீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

கம்பெனி அனுப்பிய கடிதத்தை மடிப்புக் கலையாமல் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நாளும் உன்னுடையவை. செவ்வாய்க்கிழமை எட்டாம் தேதிக் கப்பலில் ஏறினால் பதினொன்றாம் தேதி வந்துவிடுவாய், திங்கட்கிழமை இண்டர்வியூ. அடுத்த கப்பல் பதினைந்தாம் தேதி, அதில் ஏறினால் பதினெட்டு வருவாய், இருபத்து மூன்றுக்கு நேரம் இருக்கிறது. இன்று இதைத் தபாலில் போட்டால் புதன் அல்லது வியாழன் உன் கைக்கு வரும், யோசிக்க உனக்கு மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, அதில் நான் தின்றுவிட்ட நாலு நாளுக்கு என்னை மன்னித்துவிடு. எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்ல வாய் வருகிறது, எழுத வேண்டாம் என்று கையை நிறுத்துகிறேன். மிரி வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருக்கிறதா, அங்கே உள்ள துரை விடுவாரா, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். அங்கே நாள் வேண்டுமென்றால் நேராகப் போய்க் கேள், காரணத்தை உள்ளபடி சொல், இல்லாத காய்ச்சலையும் சாகாத பாட்டியையும் சொல்லாதே. கேட்டால் தலையை வாங்க மாட்டார்கள், இதை உன் அப்பா அறுபத்தோரு வயதில் ஜூரோங் பெஞ்சில் தெரிந்துகொண்டேன். இந்த இரண்டு நாளும் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் தந்தியில் சொல்லிவிடு, காத்திருக்க வைக்காதே, அந்த மனிதர் மரியாதையாக நடந்தார். எனக்குப் பதில் பிறகு எழுதலாம், முதல் தந்தி கம்பெனிக்கு.

நீ மூன்று வருஷத்துக்கு முன் மிரிக்குக் கப்பலேறியபோது நான் வழியனுப்ப வரவில்லை. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன், உன் அம்மாவும் அக்காவும்தான் வந்தார்கள். வலி இல்லை. பரமசிவத்தைத் தூக்கி வந்த நாளுக்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் என் கால் போகவில்லை, ரோட்டு வேலைக்கு அந்தப் பக்கம் போட்டால்கூட ஆள் மாற்றிக்கொள்வேன். இந்த முறை வருகிறேன். பதினொன்றாம் தேதி என்றாலும் பதினெட்டாம் தேதி என்றாலும் கப்பல் வந்து நிற்கும் இடத்தில் நிற்பேன், ஆடி என்றால் ஆடி. என்னைத் தேட வேண்டாம், நீ இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே நிற்பேன். ஜூரோங் பஸ்ஸுக்கு வழி காட்டுகிறேன், கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொள்கிறேன், உள்ளே நீ தனியாகப் போ, விஸ்வலிங்கம் என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

கப்பலில் மேல்தளத்தில் பனியில் படுக்காதே, தைலம் எடுத்துக்கொள். உன் அம்மா இந்தக் கடிதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், பரமசிவத்தைப் பற்றி எழுதிய இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், "படிங்க" என்றாள், படித்தேன், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாணிக்கம் வழக்கமாகப் போடும் வரியை நீங்களும் போடுங்கள் என்றாள். ஆகவே, உன் அம்மா உன் நினைவாகவே உருகுகிறாள். நானும்தான். நீ எடுத்து வைக்கும் காலடி எந்த மாதத்தில் விழுந்தாலும் அது நல்லபடி விழ எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு உண்டு. ஏழாம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு, கட்டைவிரல் மை இல்லாமல் தன் கையாலேயே கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
அழகப்பன்.